சத்தம் நல்லா கேக்கு

எங்கள் வீட்டில் ஒரு பழமொழிக்குத் தடை உண்டு. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று யாரும் சொல்லக் கூடாது. அம்மா ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டு அன்று சாயங்காலம் வரை சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அவள் சொன்னது அப்பாவின் காதில் விழவே இல்லை.

அப்பா அலிப்பூரில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் ஸ்டெனோ. திருநெல்வேலிப் பக்கத்தில் சுருக்கெழுத்து, டைப்பிங் இரண்டிலும் ஹையர் பாஸ் செய்துவிட்டு கல்கத்தாவுக்கு ரயிலேறியவர். ஊர் உலகத்தில் எதைப் பற்றியும் பெருமை பேசாத மனுஷர், ஒன்றைப் பற்றி மட்டும் பேசுவார்: நிமிஷத்துக்கு நூற்று நாற்பது வார்த்தை. சினிமா நடிகர் வேகமாக வசனம் பேசினால், "இவன் நூத்தி இருவது கூட இல்ல" என்பார்.

லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் மாடியில் இரண்டு அறை வீடு. நான் வாசற்படிக்குள் திருநெல்வேலித் தமிழ், படி இறங்கினால் பெங்காலி. உண்மையைச் சொன்னால் பெங்காலிதான் எனக்குச் சரளம். தமிழில் எழுதப் படிக்க வந்தது அம்மாவின் கரண்டிக் காம்பால். அப்பாவுக்கு நேர்மாறு. இருபத்தைந்து வருஷம் அந்த ஊரில் இருந்தும் அவருடைய பெங்காலி கத்தரிக்காய் பேரத்தைத் தாண்டவில்லை. அதற்கு மேல் தேவைப்பட்டால், "ஏளா, இங்க வா, இவுக என்ன சொல்லுதாவன்னு கேளு" என்று என்னை இழுத்துக்கொண்டு போவார். நான் சிறு வயதிலிருந்தே அவருடைய மொழிபெயர்ப்பாளர்.

கேட்கிறது என்பதை எங்கள் பக்கத்தில் கேக்கு என்போம். கேட்கிறதா என்பது கேக்கா. அப்பாவுக்குக் காது மந்தமான பிறகு எங்கள் வீட்டில் நாள் முழுக்க இதே பாட்டுதான். "கேக்கா?" "கேக்கு." "கேக்கா?" "கேக்கு, கேக்கு, கத்தாத." பௌதி, அதாவது அண்ணி, என்று நாங்கள் கூப்பிடும் கீழ் வீட்டு பெங்காலிக்காரி ஒரு டிசம்பரில் பெரிய ப்ளம் கேக் ஒன்றைத் தட்டில் வைத்துக்கொண்டு மாடியேறி வந்துவிட்டாள். தாதா, அதாவது அண்ணன், பாவம், தினமும் கேக், கேக் என்று கேட்கிறாரே, நீங்கள் ஏன் வாங்கித் தருவதில்லை என்று அம்மாவைக் கோபித்தாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். எதற்கு என்று தெரியாமல் அப்பாவும் சிரித்தார்.

சிரிப்பெல்லாம் அத்தோடு சரி. தொண்ணூறுகளின் நடுவில், நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, அப்பாவின் ஆபீசுக்குப் புது அதிகாரி வந்தார். வாய்க்குள்ளேயே பேசுகிறவர். அவர் ஒரு கடிதத்தில் 'கேனாட் பி ரிலீஸ்ட்' என்று சொன்னதை அப்பா 'கேன் நவ் பி ரிலீஸ்ட்' என்று டைப் அடித்தார். கொடுக்க முடியாது என்பது, இனிமேல் கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது. அதிகாரியும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். பழி முழுக்க அப்பாவின் தலையில் விடிந்தது. காதுப் பரிசோதனை செய்து சர்டிபிகேட் கொண்டுவர வேண்டும், மெஷின் வைத்துக்கொள்ளலாம், மூன்று மாதத்தில் ஒரு டிக்டேஷன் பரீட்சை, தேறவில்லை என்றால் டெஸ்பாட்ச் செக்‌ஷன் என்று மெமோ வந்தது. டெஸ்பாட்ச் என்றால் நாள் முழுக்க உறையில் முத்திரை குத்துவது. சம்பளம் ஒன்றும் குறையாது. ஆனாலும் அப்பா அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் அப்பாவை உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். பரிசோதனை செய்தவர் சின்ன வயசுக்காரர், நல்ல மாதிரி. முதலில் பீப் பீப் என்று ஒலி. ஷொப்தோ கேட்டால் கையைத் தூக்கச் சொல்லுங்கள் என்றார். "சத்தம் கேட்டா கையத் தூக்குங்கப்பா" என்றேன். அப்பா தூக்கினார், சில சமயம் தூக்கவில்லை. அடுத்தது வேறு பரிசோதனை. ஒரு அட்டையைப் பார்த்து மைக்கில் பெங்காலி வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும், உள்ளே இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மதராசிக்கு இந்த வார்த்தையெல்லாம் தெரியாதே என்று அவர் தலையைச் சொறிந்தார். சரி, நான் படிக்கிறேன், ஷொப்தோ எல்லாம் கேட்கிறதா என்று மட்டும் கேளுங்கள், போதும் என்றார்.

பெங்காலியில் ஷொப்தோ என்றால் சத்தம். ஷொப்தோ என்றால் வார்த்தையும்தான். இரண்டுக்கும் அவர்கள் அன்றாடம் புழங்குவது அந்த ஒரே சொல்லை. அவர் கேட்டது வார்த்தையை. நான் போட்டது, கொஞ்ச நேரத்துக்கு முன் போட்ட அதே தமிழை.

"அப்பா, சத்தம் கேக்கான்னு கேக்காவ."

"கேக்கு" என்றார் அப்பா.

கேக்கா என்று அந்த ஆளும் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே, கேட்கிறதாம் என்றேன். அவர் அட்டையில் டிக் அடித்தார். வார்த்தைகளைப் பிரித்தறிவதில் குறையில்லை, ஒலியின் அளவைக் கூட்டினால் போதும் என்று ரிப்போர்ட் வந்தது. பெங்காலியில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று திரிந்தவள் நான்.

காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷினை எழுதிக் கொடுத்தார்கள். அப்பா ஒரே பிடியாக மாட்டேன் என்றார். "செவிட்டு ஸ்டெனோன்னு போர்டு எழுதித் தொங்கவிட்டாப்ல இருக்கும்ளா." அப்போது நான் வாயைத் திறந்தேன். இது என்ன பிரமாதம், பாக்கெட் ரேடியோ மாதிரி நானே ஒரு பெட்டி செய்து தருகிறேன், சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒற்றைக் காதில் ஒயரைச் செருகிக்கொள்ளுங்கள் என்றேன். காதில் ஒயர் வைத்துக் கிரிக்கெட் கேட்காத மனுஷனே கல்கத்தா ஆபீசுகளில் கிடையாது. யார் சந்தேகப்படப் போகிறார்கள்? அப்பாவின் முகத்தில் அன்றுதான் வெளிச்சம் பார்த்தேன்.

சாந்தினி மார்க்கெட்டில் சாமான் வாங்கினேன். ஒரு டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர். டிரான்சிஸ்டருக்கு மூன்று கால்: பேஸ், கலெக்டர், எமிட்டர். பேஸுக்குள் போகும் துளி மின்சாரம், கலெக்டரிலிருந்து எமிட்டருக்குப் பாயும் பெரிய மின்சாரத்தைக் கூட்டும், குறைக்கும். குழாயைத் திருகுவது ஒரு விரல், கொட்டுவது ஒரு வாளித் தண்ணீர், அவ்வளவுதான் சூட்சுமம். எமிட்டர் கால் உள்ளே வருகிற வழிக்கும் வெளியே போகிற வழிக்கும் பொது என்பதால் காமன் எமிட்டர் என்று பெயர். மைக்கின் முணுமுணுப்பு பேஸில் நுழையும்; கலெக்டரில் அதுவே பெரிதாகவும் தலைகீழாகவும் வரும். மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். காதுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

யாரும் பேசாத நேரத்திலும் டிரான்சிஸ்டரைத் தூங்க விடக் கூடாது. பேஸ், எமிட்டரைவிட முக்கால் வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்து நின்றால்தான் கதவு திறக்கும். முப்பத்தொன்பது கே, பத்து கே என்று இரண்டு ரெசிஸ்டர்கள் ஒன்பது வோல்ட் பாட்டரியைப் பங்குபோட்டு அந்த உயரத்தைத் தரும். கலெக்டர் நடுவாந்திரத்தில், ஐந்து வோல்ட் சுமாருக்கு நிற்க வேண்டும். அப்போதுதான் மேலேயும் கீழேயும் அசைய இடமிருக்கும். ஓரமாக நின்றால் பேச்சின் தலையோ காலோ வெட்டுப்படும். உள்ளே வருமிடத்தில் ஒரு கெப்பாசிட்டர், வெளியே போகுமிடத்தில் ஒன்று. பாட்டரியின் நிலையான மின்சாரத்தைத் தடுத்துப் பேச்சை மட்டும் விடுவது அவற்றின் வேலை. ஹெட்போனைத் தாங்கும் தெம்புக்காகப் பின்னால் இன்னொரு டிரான்சிஸ்டரும் வைக்க வேண்டிவந்தது. அது பெருக்குவதில்லை.

இனி, எமிட்டர். அங்கே ஒரு ரெசிஸ்டர் கட்டாயம். டிரான்சிஸ்டர் சூடேறினால் மின்சாரம் கூடும், மின்சாரம் கூடினால் இன்னும் சூடேறும். அந்த ஆட்டத்தை அடக்கி வைப்பது இந்த ரெசிஸ்டர். ஆனால் அது பேச்சையும் சேர்த்து அடக்கிவிடும். பெருக்கம் நாலு மடங்கோடு நின்றுபோகும். அதற்கும் ஒரு குறுக்குவழி உண்டு. ரெசிஸ்டரின் பக்கத்திலேயே ஒரு கெப்பாசிட்டரை வைத்தால் நிலையான மின்சாரம் ரெசிஸ்டர் வழியே போகும், பேச்சின் அலை கெப்பாசிட்டர் வழியே நழுவிவிடும். பெருக்கம் நூறு மடங்கைத் தாண்டும். கெப்பாசிட்டர் பெரிதாக இருந்தால் தடித்த ஒலி, மெல்லிய ஒலி எல்லாமே அந்த வழியில் போகும், எல்லாமே பெருகும். சிறிதாக இருந்தால் கீச்சென்ற ஒலிகள் மட்டும் பெருகும், தடித்தவை நாலு மடங்கிலேயே நிற்கும். நான் பெரியதை வைத்தேன். நூறு மைக்ரோஃபாரட். அப்பாவுக்கு வேண்டியது சத்தம்தானே, அதுதானே ரிப்போர்ட்டில் இருந்தது.

சாயங்காலம் அவர் ஆபீசிலிருந்து வந்து காப்பி குடித்ததும் சோதனை. அவர் ஜன்னலோரம் நோட்டும் பென்சிலுமாக உட்காருவார், பெட்டி மேஜையில் இருக்கும். உதட்டைப் பார்த்துவிடக் கூடாது என்று இங்கிலீஷ் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நான் படிப்பேன். அவருடைய பென்சில் ஓடும். பத்தி முடிந்ததும் பேப்பரை இறக்கி, "சத்தம் கேக்காப்பா?" என்று கத்துவேன்.

"நல்லா கேக்கு."

முதல் வாரம் ஒரு தடவை, எழுதினதைப் படியுங்கள் என்றேன். நோட்டைப் பார்த்துக் கடகடவென்று முழுப் பத்தியையும் படித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை; கூடத்தில் குதித்தேன். காலையில் அதே பேப்பரை முதல் பக்கத்திலிருந்து டெண்டர் நோட்டீஸ் வரை ஒரு வரி விடாமல் படிக்கிற மனுஷர் அவர் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

பிறகு சில நாட்களில் அவர் ஒயரைக் கழற்றிவிட்டுக் காதைத் தேய்த்தார். "எரைச்சலா இருக்குளா" என்றார். நான் அதற்கும் ஒரு சண்டை போட்டேன். இந்த ஒன்றை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது. "மெஷின் சரியாத்தாம்ப்பா இருக்கு. நீங்கதான் கவனமா கேக்க மாட்டேங்கிய. மனச எங்கயோ வச்சுக்கிட்டு ஒக்காந்தா?" என்று கத்தினேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏட்டி, அப்பாகிட்ட பேசுத பேச்சா இது?" என்றாள். அப்பா ஒயரை எடுத்துத் திரும்பச் செருகிக்கொண்டு, "படி" என்றார்.

பரீட்சை நாளன்று அவர் பெட்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனார். வழக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே திரும்பிவிட்டார். செருப்பைக் கழற்றி, கை கால் கழுவி, வேட்டி மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார். "சீட்ட மாத்திட்டாவ."

"பொட்டி வேல செய்யலியாப்பா?" என்று கேட்டேன். எனக்கு அப்போதும் பெட்டிதான்.

"பொட்டிக்கு என்ன? அது நல்லாத்தான் வேல செஞ்சுது. சத்தம் நல்லா கேட்டுது" என்றார்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் உறையில் முத்திரை குத்தினார். நூற்று நாற்பது வார்த்தை பற்றி ஒரு தடவை கூடப் பேசவில்லை. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. எனக்குக் கல்யாணமாகி கரியாஹாட் பக்கம் வீடு எடுத்துப் போனேன். ஞாயிற்றுக்கிழமை நான் மாடி ஏறும்போதெல்லாம் அப்பாவின் காதில் ஒயர் இருக்கும். எப்போதாவது நான் பாட்டரி மாற்றிக் கொடுப்பேன். "கேக்கா?" "கேக்கு." மற்ற ஆறு நாளும் அந்தப் பெட்டி அலமாரியில்தான் கிடக்கும் என்று அம்மா பின்னாளில் சொன்னாள். அதனால்தான் பாட்டரி அவ்வளவு நாள் வந்திருக்கிறது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஒரு மழைக்காலத்தில் அப்பா நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் கழிந்த மறுநாள் பௌதி மாடியேறி வந்தாள். கையில் கேக். "தாதாவுக்குப் பிடிக்குமே" என்று சொல்லிவிட்டு அழுதாள். இத்தனை வருஷத்தில் நாங்கள் யாருமே அவளுக்கு உண்மையைச் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. அம்மா தட்டை வாங்கி அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

அவருடைய அலமாரியை ஒழித்தபோதுதான் அந்த நோட்டு கிடைத்தது. நான் பேப்பர் படித்த சாயங்காலங்களின் நோட்டு. பக்கம் பக்கமாகச் சுருக்கெழுத்து. எனக்கு அந்த எழுத்து தெரியாது. ஆனால் அப்பாவின் மற்ற நோட்டுகளில் இருக்கும் வளைவும் கோடும் இதில் ஏனோ அதிகம் இல்லை. ஈ மொய்த்த மாதிரி புள்ளிகளாக இருந்தன. அம்மாவின் குடும்பப் பென்ஷன் காகிதத்தோடு அலிப்பூருக்குப் போனபோது நோட்டையும் எடுத்துப் போனேன். அப்பாவை மாற்றிய பிறகு அவருடைய நாற்காலிக்கு வந்த பெங்காலிக்கார ஸ்டெனோ இருந்தார். அவருக்கும் தலை நரைத்திருந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நோட்டை ரொம்ப நேரம் புரட்டினார்.

"ஏத்தே ஷொப்தோ நேய், மா" என்றார். இதில் வார்த்தை இல்லையம்மா.

பிறகு நிதானமாக விளக்கினார். சுருக்கெழுத்தில் க, ச, ட, த, ப போன்ற மெய்யெழுத்துகளுக்குத்தான் கோடு. அ, இ, உ என்கிற உயிர்களுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியோ சின்னக் கீற்றோ வைப்பார்கள். கை தேர்ந்த ஸ்டெனோ அந்தப் புள்ளியைக் கூட வைக்க மாட்டார். கோட்டை வைத்தே வார்த்தையைப் பிடித்துவிடுவார். உன் அப்பா அந்த நாளில் எங்கள் ஆபீசிலேயே புள்ளி வைக்காத ஒரே ஆள். இந்த நோட்டில் புள்ளிகள்தான் இருக்கின்றன, கோடு அங்கொன்றும் இங்கொன்றும். வார்த்தையிலிருந்து ஆ, ஓ, ஏ மட்டும் அவர் காதுக்குப் போயிருக்கிறது. போனதை நேர்மையாக எழுதி வைத்திருக்கிறார். இப்படிச் சொல்லிவிட்டு அவர் நோட்டை மூடி இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார்.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் மட்டும் தமிழில் ஒரு வரி இருந்தது. அவரால் படிக்க முடியாதது, என்னால் படிக்க முடிந்தது. 'கேக்குன்னு சொல்லியாச்சு. புள்ளைக்கு சந்தோஷம்.'

அலிப்பூரிலிருந்து பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த பெண்மணி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். உயிரெழுத்துகள் தடித்த ஒலிகள். அவை அப்பாவுக்கு முதலிலிருந்தே கேட்டிருக்கின்றன. கேட்காதவை மெல்லியவை: ஸ், ட், ப், க். கேனாட்டின் கடைசியில் வரும் அந்த ஒற்றை ட். நான் என்ன செய்தேன்? கேட்பதை நூறு மடங்காக்கினேன். கேட்காததை அந்த இரைச்சலுக்கு அடியில் புதைத்தேன்.

நேரே அம்மா வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். எமிட்டரிலிருந்த நூறு மைக்ரோஃபாரடை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு சொச்சம் மைக்ரோஃபாரட் ஒன்றைப் பற்றவைத்தேன். அது போதும், அதற்கு ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை. ஒயரைக் காதில் செருகி, மற்றக் காதைப் பொத்திக்கொண்டு, பெட்டியை மடியில் வைத்து, அம்மாவை அடுத்த அறைக்குப் போய் ஏதாவது பேசச் சொன்னேன்.

"என்னத்தப் பேச?" என்றாள். பிறகு, பழக்கம் போலிருக்கிறது, "என்னங்க, காப்பி ஆறுது. சீக்கிரம் வாங்க" என்றாள். குரல் சன்னமாக, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. ஆனால் காப்பியின் க்கும் ப்பும், சீக்கிரத்தின் ச்சும் தனித்தனியாக, உடைத்து வைத்த மாதிரி விழுந்தன.

அம்மா வாசலில் வந்து நின்றாள். "சத்தம் கேக்காட்டி?"

"சத்தம் கொறச்சல்தாம்மா. வார்த்த கேக்கு."

அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்பம் ஒங்கப்பாக்கும் கேட்டுருக்கும்லா?"

நான் ஒயரைக் கழற்றிச் சுருட்டினேன். "இல்லம்மா. அவுகளுக்கு நரம்பே போயிட்டு. எத வச்சாலும் கேட்டுருக்காது" என்றேன்.

"நீயும் அவுகள மாதிரியே பொய் சொல்லுத" என்று சொல்லிவிட்டு, அம்மா காப்பி போடப் போனாள்.